அடித்தல் திருத்தல்

எம் தந்தையார் மன்னார்குடியில் ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதியவர். அவருடைய பேரேட்டில் அழிப்பான் பட்டதே இல்லை. ஓர் எண் பிழைபட்டுவிட்டால் அதன் மீது ஒரே ஒரு கோடு கிழிப்பார். பிழையான எண் அந்தக் கோட்டின் அடியில் தெளிவாகத் தெரியவேண்டும். மேலே சரியான எண்ணும் ஓரத்தில் சிறு கையொப்பமும் இடம்பெறும். சிறு பருவத்தில் ஒருநாள் யாம் ரப்பரை எடுத்து நீட்டினோம். அத்தா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "தப்பு நடந்ததும் தெரியணும், திருத்துனது யாருன்னும் தெரியணும். அழிச்சா ரெண்டும் போயிடும்" என்றார்.

பத்திரம் எழுதுவோரும் இந்நெறியினரே. எழுதி முடித்தபின் இத்தனை அடித்தல், இத்தனை திருத்தல் என்று எண்ணிக் குறித்துக் கையொப்பம் பெறுவர். ஏதும் இல்லையெனில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்றெழுதுவர். எழுத்தைக் காப்பது என்பது அதன் மாற்றங்களையும் சேர்த்துக் காப்பதே என்னும் இவ்வுண்மையைப் பல ஆண்டுகள் கழித்துக் கணினியின் முன் அமர்ந்து மறுபடியும் கற்க நேர்ந்தது. அப்பாடத்திற்கு யாம் கொடுத்த விலையையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியருக்குக் கணினி நிரலாளர் பணியில் என்ன வேலை என்று மூத்தோர் வினவலாம். கட்டுரையின் முடிவில் அவ்வினாவிற்கு விடை கிடைக்குமென நம்புகிறோம்.

சொல் சேர்க்கப் புகுந்தமை

மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நெல் வேளாண்மை பற்றிய சொற்கள் விரைந்து மறைந்து வருகின்றன. நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வயலில் இறங்கியபின், கையால் செய்த வேலைகளோடு அவற்றின் பெயர்களும் கரையேறிவிட்டன. சேடை, பரம்பு, அண்டை வெட்டு, நாற்றுமுடி, பிரி, கருக்காய், கண்டுமுதல் ஆகியவற்றுள் பாதிக்கு இன்றைய மாணவர்க்குப் பொருள் தெரியவில்லை. பாமணியாற்றின் கரையிலிருந்தும் கோரையாற்றின் கரையிலிருந்தும் வரும் மாணவர் சிலரைக் கொண்டு இச்சொற்களைத் தொகுக்க யாம் எண்ணினோம்.

எம்மிடம் படித்துச் சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். செய்தி கேட்டதும், "ஐயா, தாளில் எழுதிப் பெட்டியில் வைக்காதீர்கள். சொல்லைத் தட்டினால் பொருள் காட்டும் சிறிய நிரல் ஒன்று செய்து தருகிறேன். சொற்கோப்புகளும் நிரலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். யார் எதை மாற்றினாலும் பழைய வடிவம் காக்கப்படும்" என்றார். அவர் நிறுவித் தந்தது 'கிட்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. அதை நிரல் எழுதும் செயலியோடு இணைத்து, பொத்தானை அழுத்தினால் வேலை நடக்கும்படி செய்து கொடுத்துவிட்டு அவர் சென்னைக்குத் திரும்பினார். எம் படிப்பினை அதன்பின் தொடங்கிற்று.

களமும் பத்தாயமும்

இக்கருவிகளின் வரலாறு அரை நூற்றாண்டைக் கடந்தது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் என்பார் ஆக்கிய கருவி இவ்வகையில் முன்னோடி. 1982இல் வால்ட்டர் டிக்கி என்பார் மற்றொன்றை ஆக்கினார். இன்று உலகெங்கும் பரவியுள்ள கிட், லினக்ஸ் இயங்குதளத்தைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் எழுதத் தொடங்கியது. உலகின் பல மூலைகளிலிருந்து பலர் ஒரே நிரலில் கைவைக்கும்போது ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடாமல் காப்பதே இவற்றின் பணி.

கிட்டின் அமைப்பை நம் ஊர் வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். அறுத்து அடித்த நெல் முதலில் களத்தில் கிடக்கிறது. பிறகு மூட்டை பிடிக்கிறோம். பிறகு பத்தாயத்தில் சேர்க்கிறோம். நாம் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு களத்து நெல். இதைச் சேர்க்கவேண்டும் எனக் குறித்து வைப்பது மூட்டை. 'கமிட்' எனப்படும் ஒப்படைப்புச் செய்தபின்னரே அது பத்தாய நெல்லாகிறது. ஒப்படைப்பு ஒவ்வொன்றிலும் யார், எப்போது, எதற்காக என்னும் மூன்றும் பதிவாகும். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று ஆள்வரிசையை ஆராய்ந்தே செய்தியை ஏற்கும் மரபினைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த எமக்கு இவ்வொழுங்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆயினும் ஒன்றை அன்று யாம் கருதவில்லை. எழுதும் கருவி ஒன்று, நினைவில் வைக்கும் கருவி மற்றொன்று. இரண்டையும் ஒரே சன்னலுக்குள் பொருத்தியபின், எது எதன் வேலை என்பது கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. மடைப்பலகை பழுதில்லாதது, வாய்க்கால் கரையும் பழுதில்லாதது. நீர் கசிவது இரண்டும் பொருந்துமிடத்தில். எம் இடர்கள் யாவும் அத்தகைய பொருந்துமிடத்து இடர்களே.

பொருந்துமிடத்து இடர்கள்

முதல் இடர் வரி முடிவில் நேர்ந்தது. மாணவி ஒருவர் ஒரு சொல்லைத் திருத்தி ஒப்படைத்தார். கருவியோ கோப்பிலுள்ள வரிகள் அனைத்தும் மாறிவிட்டதாகக் காட்டியது. காரணம் தட்டச்சுப் பொறியில் இருக்கிறது. பழைய தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் இரண்டு செயல்கள் நிகழும்: உருளை வலப்புறம் தள்ளப்பட்டு வரியின் தொடக்கத்திற்குத் திரும்பும், தாள் ஒரு வரி மேலேறும். விண்டோஸ் கணினி இவ்விரண்டுக்கும் இரண்டு குறிகளை இன்றும் எழுதுகிறது. லினக்ஸ் ஒரு குறியோடு நிறுத்திக்கொள்கிறது. ஒருவர் விண்டோஸிலும் மற்றவர் லினக்ஸிலும் எழுதினால் கண்ணுக்குத் தெரியாத அவ்வொரு குறியால் வரிதோறும் வேறுபாடு தோன்றும். இதைச் சீர்செய்யும் அமைப்பு கிட்டிலும் உண்டு, எழுதும் செயலியிலும் உண்டு. இரண்டும் இரண்டு விதமாக முயன்றதே குழப்பத்திற்குக் காரணம். விதியைக் களஞ்சியத்திலேயே ஒரு கோப்பில் எழுதி வைத்து, எல்லாரையும் அதற்குக் கட்டுப்படுத்தியபின் இவ்விடர் நீங்கிற்று.

இரண்டாம் இடர் தமிழ் எழுத்தைப் பற்றியது. 'கொல்லை' என்னும் சொல்லிலுள்ள 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. இரண்டும் ஒன்றே எனக் கொள்ளவேண்டும் என்பது ஒருங்குறியின் விதி. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கிட்டோ பைட்டுகளை மட்டும் ஒப்பிடுவதால் இரண்டையும் வெவ்வேறாகக் கொள்ளும். எம் நிரலில் 'கொல்லை' என்று தேடினால் ஒரு மாணவர் எழுதியது கிடைத்தது, மற்றவர் எழுதியது கிடைக்கவில்லை. ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு மாற்றாக ளகர எழுத்தையே தட்டுவோரும் உண்டு. அது குறியீட்டு வேறுபாடன்று, எழுத்துப் பிழையே.

பழைய ஏட்டுச் சுவடிகள் இவ்விடத்தில் எம் நினைவிற்கு வந்தன. ஏட்டில் புள்ளி இடுவதில்லை, எகர ஏகாரங்களுக்குக் கொம்பு வேறுபாடு இல்லை, காலும் ரகரமும் ஒரே வடிவின. ஓர் உருவம் இரண்டு ஒலிகளுக்கு நின்றது. கணினியிலோ ஓர் உருவத்திற்குள் இரண்டு குறியீட்டு வரிசைகள் ஒளிந்து நிற்கின்றன. கண்ணை மட்டும் நம்பிப் பதிப்பிக்கலாகாது என்னும் பாடம் அன்றும் இன்றும் ஒன்றே.

தமிழில் பெயரிட்ட கோப்புகளும் தொல்லை தந்தன. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைக் கிட் இயல்பாக எண்களாக மாற்றிக் காட்டும். பகரம் ஒன்றே '340, 256, 252' என மூன்று எண்களாகிவிடும். 'பரம்பு' என்று பெயரிட்ட கோப்பைத் தேடியவருக்கு எண்களின் நீண்ட வரிசையே கிடைத்தது. ஓர் அமைப்பை மாற்றினால் இது தீரும். தெரியாதவரை அச்சமே மிஞ்சும். ஒருங்குறிக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தோன்றின. சொற்செயலிக் கோப்புகளையோ கருவி வரிவரியாக ஒப்பிடவே இல்லை. மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது.

மூன்றாம் இடர் செயலியின் மிகையான உதவியால் வந்தது. சேமிக்கும்போதே இடைவெளிகளை ஒழுங்குபடுத்தும் வசதி ஒருவர் கணினியில் இயங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு சொல் திருத்தினார்; கோப்பு முழுதும் அவர் பெயரில் பதிவாயிற்று. ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவர் யார் என்று காட்டும் ஆணைக்குக் கிட்டில் 'பழி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே பெயர். எழுதாத வரிகளுக்கெல்லாம் அம்மாணவர் பழி சுமந்தார். இத்தகைய ஒழுங்குபடுத்தல்களைக் கணக்கில் கொள்ளாது விடும் வசதி 2019இல் கிட்டில் சேர்ந்தது. அன்றியும், செயலி தன் சொந்த அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்புகளும் களஞ்சியத்தில் புகுந்து ஒருவர் கணினியின் வழக்கத்தை மற்றவர் கணினியில் திணித்தன. அவற்றைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்தோம். களஞ்சியத்தை இணையச் சேமிப்போடு தானே ஒத்திசையும் உறைக்குள் வைத்தமையும் தவறாயிற்று. ஒரே பத்தாயத்திற்கு இருவர் காவல் இருந்து, ஒருவர் அடுக்கியதை மற்றவர் கலைத்தது போல் அது முடிந்தது.

நான்காவது, இணைப்பில் நேரும் முரண். நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிந்து பாமணியாறும் கோரையாறும் கிளைப்பதை நம் மாணவர் அறிவர். அக்கிளைகள் தத்தம் வழியே செல்கின்றன; மீண்டும் ஒன்றாக வேண்டிய கட்டாயம் அவற்றிற்கு இல்லை. கணினிக் கிளைகளுக்கு அந்தக் கட்டாயம் உண்டு. 'சேடை' என்பதற்கு நடவிற்கு முன் நீர் கட்டி உழுது சேறாக்குதல் என்று ஒருவர் எழுதினார். அதற்கெனக் கட்டிய நீர் என்று மற்றவர் எழுதினார். இணைக்கும்போது கருவி இரண்டையும் காட்டி, எதைக் கொள்வது என்று கேட்டது. செயலியோ அக்கேள்வியை 'என்னுடையதை ஏற்க', 'வந்ததை ஏற்க' என்னும் பொத்தான்களாக்கி நீட்டியது. மாணவர் முதற்பொத்தானை அழுத்தினார். மற்றொரு பொருள் மறைந்தது. அஃது ஒப்படைக்கப்பட்டிருந்தமையால் பழைய பதிவிலிருந்து மீட்டோம். 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஏட்டுப்படிகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிட்டார். அப்பெரியார் வழியில் வந்தோர் பாடவேறுபாட்டைக் கண்டால் ஒன்றைக் கொண்டு மற்றதை அடிக்குறிப்பில் காப்பர், விரைந்து எறியார். இரண்டையும் ஏற்கும் பொத்தானும் அங்கே இருந்தது. அதை அழுத்துவதற்குமுன் சற்றே நின்று சிந்திக்கும் பழக்கந்தான் இல்லாமற் போயிற்று.

மீளாத கோப்பு

இதுவரை சொன்னவை திருத்தக்கூடிய இடர்கள். திருத்த இயலாத ஒன்றும் உண்டு.

2017ஆம் ஆண்டில் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் செயலியைப் புதிதாகப் பயன்படுத்திய ஒருவர், மாற்றங்களைக் கைவிடும் பொத்தானை அழுத்தி, மூன்று மாத உழைப்பான ஏறத்தாழ 5,000 கோப்புகளை இழந்ததாகப் பொதுவில் முறையிட்டார். நிரலாளரிடையே அது பெரும் பேச்சாயிற்று. ஒருபோதும் ஒப்படைக்கப்படாத கோப்புகள் கருவியின் கணக்கில் முழுவதும் 'மாற்றமே' ஆகும். கைவிடு என்றால் அவை அழியும். அதன்பின் அச்செயலியின் எச்சரிக்கை வாசகம் தெளிவாக்கப்பட்டது. இச்செய்தியை யாம் பிற்காலத்தில்தான் அறிந்தோம். எம் துறையில் பயன்பட்டது எச்செயலி என்பது ஈண்டு வேண்டா. குறை கருவியில் இல்லை, எம்மிடத்தில்.

ஒரு தாளடி அறுவடைக் காலத்தில் எம் மாணவியர் இருவர், நடவிலும் அறுப்பிலும் ஆயுளைக் கழித்த மூதாட்டி ஒருவரிடம் சென்றனர். மூன்று மாலைகள் அவருடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் நேரே தட்டினர். தாளில் எழுதவில்லை, ஒலிப்பதிவும் செய்யவில்லை. கணினி இருக்கத் தாள் எதற்கு என்று சொன்னவர் யாமே. இறுதிச் சொல்லின் எண் 173 என்பது இருவர்க்கும் நினைவிருந்தது.

மறுநாள் துறையில் அம்மடிக்கணினியை வேறொரு மாணவர் பயன்படுத்தினார். வரிமுடிவுக் குழப்பத்தால் மாறாத கோப்புகளெல்லாம் மாறியதாகப் பட்டியலில் நின்றன. அவற்றைப் பழைய நிலைக்குக் கொணர எண்ணி, 'மாற்றங்கள் அனைத்தையும் கைவிடு' என்பதை அழுத்தினார். செயலி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. அவர் 'ஆம்' என்றார். பட்டியல் தூய்மையாயிற்று. பச்சைக் குறியும் தோன்றிற்று. மூதாட்டியின் சொற்களிருந்த புதிய கோப்பு அதில் ஒன்றாய்ப் போயிற்று. அது குப்பைத்தொட்டியிலும் இல்லை, பத்தாயத்திலும் இல்லை. களத்து நெல்லை ஒரே மழை கொண்டுபோன கதையாயிற்று.

சித்திரையில் மாணவியரோடு யாமும் அம்மூதாட்டியிடம் சென்றோம். நடந்ததைச் சொன்னோம். அவர் சிரித்தார். "கதிரு கையில இருக்கையில வாய்க்குத் தானா வரும், தம்பி. வெறும் வயலப் பாத்துக்கிட்டு யோசிச்சா எங்கேருந்து வரும்?" என்றார். ஆயினும் பொறுமையோடு மறுபடியும் சொன்னார். இம்முறை தாளிலும் எழுதினோம், ஒலியையும் பதிந்தோம். 121 சொற்கள் கிடைத்தன. அவற்றுள் சில முன்பு சொல்லாதவை என்று மாணவியர் கூறினர். முன்பு சொன்னவற்றுள் பல வரவே இல்லை. கட்டுப் பிரியும் கைவேலை ஒன்றிற்கு அவர் ஒரு சொல் சொன்னதாகவும், கேட்டவுடன் தாம் வியந்ததாகவும் ஒரு மாணவி திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அச்சொல் மட்டும் அவருக்கு நினைவு வரவில்லை.

எழுதி வைத்த அடித்தல்

இனி யாம் சொல்ல விரும்பிய செய்திக்கு வருகிறோம்.

கோப்பு காணாமற்போனதை யாம் அறிந்த அன்று, அழித்தவர் யாரென்று எமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒப்படைத்தவற்றிற்கெல்லாம் பெயரும் நாளும் காட்டும் அக்கருவி, ஒப்படைக்காத ஒன்று அழிந்தபோது ஒரு வரியும் எழுதவில்லை. அந்தக் கோப்பு இருந்தது என்பதற்கே களஞ்சியத்தில் சான்றில்லை. அம்மாணவர் வாய் திறவாதிருந்தால் கணினியில் கோளாறு என்று சொல்லி யாம் அடங்கியிருப்போம்.

மாலையில் அவர் துறைக்கு வந்தார். வாயிலிலேயே நின்று, "ஐயா, அழித்தது நான்தான். தெரியாமல் செய்துவிட்டேன்" என்றார். எமக்குச் சினம் எழுந்தது உண்மை. கடிந்தும் பேசினோம். பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தாவின் பேரேடு நினைவிற்கு வந்தது. ஒரே கோடு, கோட்டின் அடியில் தெரியும் பிழை, ஓரத்தில் கையொப்பம். இவர் செய்தது அதுவே. கருவி குறிக்கத் தவறிய அடித்தலை இவர் தம் வாயால் குறித்துத் தம் பெயரையும் இட்டார்.

அன்றே அவரைக் கொண்டு களஞ்சியத்தில் ஒரு சிறு கோப்பு எழுதச் செய்தோம். இன்ன நாளில், 173 சொற்கள் கொண்ட கோப்பு ஒப்படைக்கப்படாமலே அழிந்தது, அழித்தவர் இன்னார், ஒப்படைக்கும் பழக்கத்தைக் கற்பிக்காது அனுப்பிய ஆசிரியர் இன்னார் என இரண்டு பெயர்களும் அதில் உள்ளன. அச்சொல் தொகுப்பைத் திறப்போர் முதலில் காண்பது அக்கோப்பினையே. மீட்க முடியாததை மீட்டோம் என்று பொய்யுரைக்காமல், இழந்தது எவ்வளவு என்பதையேனும் மெய்யாகக் காத்தோம்.

அன்பு மாணவச் செல்வங்களே! இக்கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், அஞ்ச வேண்டா. ஆயின் பச்சைக் குறியைக் கண்டு பத்தாயம் நிறைந்தது என எண்ணாதீர்கள். மாலைதோறும் ஒப்படையுங்கள், ஒப்படைத்ததை மற்றொரு கணினிக்கும் அனுப்புங்கள். 'கைவிடு' என்ற சொல்லைக் கண்டால் கையை எடுத்துவிட்டு, எதைக் கைவிடுகிறோம் என்று பட்டியலைப் படியுங்கள். ஒப்படைப்புக் குறிப்பில் 'திருத்தம்' என்று மட்டும் எழுதாமல், எதை, ஏன் திருத்தினீர் என்று எழுதுங்கள். மூத்தோர் சொல்லைக் கேட்கப் போகும்போது ஒரு குறிப்பேடும் கொண்டுபோங்கள்.

தமிழாசிரியருக்குக் கணினியில் என்ன வேலை என்று வினவிய பெரியோர்க்கும் இதுவே எம் விடை. எழுத்தைக் காப்பதும் அதன் திருத்தங்களைக் காப்பதும் எம் தொழில். ஏடு மாறியதால் அத்தொழில் மாறவில்லை. அடித்தலையும் திருத்தலையும் கருவி தானே குறித்துவைக்கும். அது குறிக்காத ஒன்று நேரும்போது, தாமே முன்வந்து குறிக்கும் மாணவர் வேண்டும். அத்தகைய ஒருவர் எம் துறையில் படித்தார் என்பதை நன்றியோடு இங்கே பதிவு செய்கிறோம்.